தமிழ் அறிவித்தலும் அதே நேரத்தில் வேண்டும்

வானிலை எச்சரிக்கைகளை வெளியிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன கிழமை வங்காள விரிகுடாத் தாழமுக்கம் பற்றிய உங்கள் இரவு அறிவித்தல் சிங்களத்தில் வந்தது, பின்னாலேயே ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ் விடிந்த பிறகுதான் வந்தது. அதில் "அடுத்த 24 மணித்தியாலங்களில்" என்று இருந்தது. எந்த 24? முதல்நாள் இரவே தொடங்கி, பாதி கழிந்துபோன அதே 24. நேரத்தையாவது திருத்தி வெளியிட்டிருக்கலாம்.

நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் புயல் பார்க்கும் பைத்தியம் பிடித்த சிலர். ஹிமவாரி, இன்சாட் செய்மதிப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, சுழற்சியின் மையம் எங்கே, மேகத்திரள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, மேல்மட்டக் காற்று அதைப் பிய்த்தெறியுமா என்று சண்டை பிடிப்போம். அது எங்கள் பொழுதுபோக்கு. உங்கள் அறிவித்தலை நள்ளிரவில் மொழிபெயர்ப்பது எங்கள் வேலை அல்ல. அன்றிரவு அதைத்தான் செய்தோம்.

களனி கங்கைப் பக்கம் இருக்கும் வெல்லம்பிட்டியிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் கேட்டார்: "மகன், புயல் திருகோணமலைப் பக்கம் என்றால் எங்களுக்குப் பயமில்லைத்தானே? பிள்ளைகளைத் தூங்க வைக்கலாமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? புயலின் மையம் ஓரிடத்தில் இருக்கும், மழைப்பட்டை வேறிடத்தில் கொட்டும். அந்தப் பட்டை மலைநாட்டின் மேற்குச் சரிவில் நின்றால், தண்ணீர் களனி கங்கை வழியாகக் கொழும்புக்குத்தான் இறங்கும். 2016 மே மாதத்தில், பிறகு ரோனு என்று பெயர் பெற்ற அந்தத் தாழமுக்கம், பெயர் கிடைக்கும் முன்பே அரநாயக்கவில் மலையைச் சரித்தது. கொழும்பை ஒட்டிய கொலன்னாவையும் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மையம் வடக்கே நகர்ந்த பிறகும் களனியின் வெள்ளம் வடியவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தாய்க்குத்தான் தெரியாது, அவருக்குத் தெரிந்த மொழியில் அப்போது எதுவும் வரவில்லை. "தூங்குங்கள்" என்றோ "வெளியேறுங்கள்" என்றோ சொல்ல நாங்கள் யார்? ஓர் எண்ணை நாங்கள் பிழையாக மொழிபெயர்த்தால் யார் பொறுப்பு?

தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987 இலேயே சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் தமிழைக் கொலை செய்தால் சிரித்துவிட்டு ஏறிக்கொள்கிறோம். பொலிஸில் முறைப்பாட்டைத் தெரியாத மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் வாங்கிக்கொண்டு வருகிறோம். பழகிவிட்டோம். களனியின் நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதியில் ஏறுகிற தண்ணீருக்கும் பழகிக்கொள்ளச் சொல்கிறீர்களா? ஒருவேளை தமிழ் அறிவித்தல் வெளியாகும் வரை கங்கையைப் பொறுத்திருக்கச் சொல்லியும் ஒரு கடிதம் போயிருக்கலாம், அதுவும் சிங்களத்தில்.

கோபத்தில் எழுதிவிட்டேன், விடுங்கள். இரவிரவாகக் கண்விழித்து வேலை செய்யும் உங்கள் ஊழியர்கள் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. கேட்பது ஒன்றுதான்: சிங்கள அறிவித்தல் வரும் அதே நேரத்தில் தமிழும் வரவேண்டும். முழுவதையும் எழுத நேரமில்லையென்றால் முதலில் நாலு வரி போதும். மையம் எங்கே, கனமழை எங்கே, எந்த ஆற்றோரத்தில் இருப்பவர்கள் விலக வேண்டும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அதற்கு இரவுப் பணியில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

அடுத்த தாழமுக்கம் உருவாகும் முன் அவரை நியமித்துவிட்டு எங்களுக்கு ஒரு பதில் போடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். பதில் எந்த மொழியில் வந்தாலும் வாசித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து புயல் பார்க்கும் சிலர்