மண்டையில் உப்புக் குறைந்தவன்

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்கள் போன வாரம் தபாலில் வந்தன. கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் ஓடுகிறது. மற்றபடி சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், செருப்பு ஒன்றும் ஜோடியாக இருப்பதில்லை.

சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. முதல் பக்கத்திலேயே நண்பர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டாய். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. ஒருவன் வாயாடி, ஒருவன் ஊமை. ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோ மாதிரி இருக்கிறதடா.

நெட்டை குட்டை ஜோடி என்றால், வீரர் கதைகளைப் படித்துப் படித்துத் தானே வீரனாகக் கிளம்பும் டான் குயிக்ஸாட்டும் அவர் சேவகன் சாஞ்சோவும்தானே? அதனால் அவர்கள் கதையை எழுதிய ஸ்பானியர் செர்வாண்டிஸை மறுபடி எடுத்தேன். 1605இல் வந்த முதல் பாகத்தில் இருவரும் சேர்ந்து அறிமுகமாவதே இல்லை. குயிக்ஸாட்டின் முகத்துக்கு முன்னால் அவர் வீட்டு அடுக்களை வந்துவிடுகிறது. பானையில் ஆட்டுக்கறியைவிட மாட்டுக்கறி அதிகம், வெள்ளிக்கிழமை பருப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உபரியாக ஒரு புறாக்குஞ்சு. வருமானத்தில் முக்கால் பங்கு இதற்கே சரி. பிறகுதான் ஆள்: ஐம்பதை நெருங்கும் வயது, வற்றிய உடம்பு, ஒட்டிய முகம், விடியுமுன் எழுகிறவர், வேட்டைப் பிரியர். அவ்வளவுதான்.

சாஞ்சோ வருவது ஏழாம் அத்தியாயத்தில். அதற்குள் குயிக்ஸாட் தனியாகக் கிளம்பிப்போய் உதைபட்டு வீடு திரும்பியும் ஆகிவிட்டது. ஊர்க்காரக் குடியானவன், நல்லவன், மண்டையில் உப்புதான் ரொம்பக் குறைவு என்கிறார் செர்வாண்டிஸ். நாம் 'மண்டையில் மசாலா இல்லை' என்போமே, அதேதான்! தொந்தியைப் பற்றி மூச்சு இல்லை. கழுதையில் வருகிறேன் என்கிறான். கழுதை ஏறிய சேவகன் எந்த வீரனுக்காவது இருந்தானா என்று குயிக்ஸாட் படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டுகிறார். அவனோ பைகளும் தோல் குடுவையில் ஒயினுமாகக் குலத்தலைவர் கணக்காக உட்கார்ந்து போகிறான். அந்தக் குடுவையைப் பார்த்ததும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் புறா ஞாபகம் வந்தது. இருவரும் எதிரெதிராக நிற்பது அந்த இடத்தில்தான்.

தொந்தி தெரிய ஒன்பதாம் அத்தியாயம் ஆகிறது. அதுவும் கதைசொல்லி டொலேடோ நகரக் கடைத்தெருவில் வாங்கிய பழைய நோட்டு ஒன்றில் இருக்கும் படத்தில். பெரிய வயிறு, குட்டை உடம்பு, நீண்ட கால். கீழே 'சாஞ்சோ ஸாங்காஸ்' என்று பெயர். அந்த நீண்ட காலுக்காக வந்த பட்டம். நான் பார்த்த படங்களில் எல்லாம் அவனுக்குக் குட்டைக் கால்தான். படம் போட்டவர்கள் புத்தகத்தை முழுசாகப் படிக்கவில்லை போல.

உன் சதாசிவத்தை மூன்றாம் அத்தியாயம் வரை வெளியே விடாதே. அந்த மீசை வர்ணனை எட்டு வரியையும் அடித்துவிடு. மாசக் கடைசியில் அவன் மெஸ்ஸில் என்ன சாப்பிடுவான், கணக்கில் எழுதச் சொல்வானா? அதை எழுதி அனுப்பு.

உன்,
கோபாலன்