ஃபுபுகியை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமேலி நோதோம் எழுதின 'ஃபியர் அண்ட் ட்ரெம்ப்ளிங்' நாவலுக்கு வந்த விமர்சனம் படிச்சேன். ஜப்பான் கம்பெனில மாட்டிக்கிட்ட வெள்ளைக்காரப் பொண்ணு படுற பாடுன்னு மட்டும் எழுதி முடிச்சிட்டாங்க, எனக்கு மனசே ஆறல.

கதை அப்படித்தான் போகுது, இல்லன்னு சொல்லல. 1990ல டோக்கியோல ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல சேர்ற பெல்ஜியம் பொண்ணு அமேலி (எழுத்தாளர் பேரேதான்), சின்ன வயசுல ஜப்பான்ல இருந்தவ, வந்த விருந்தாளிங்களுக்கு காபி குடுக்கும்போது ஜப்பானிய மொழிய சுத்தமா பேசிட்டான்னு இனிமே உனக்கு அந்த பாஷையே புரியக் கூடாதுன்னு ஆர்டர் போடுறாங்க, கடைசில ஏழு மாசம் டாய்லெட் வேலை. படிக்கப் படிக்க சிரிப்பும் வருது, வயிறும் எரியுது.

ஆனா நாவலோட உயிரே அவளுக்கு மேலதிகாரியா இருக்குற ஃபுபுகி மோரிதான் சார். 29 வயசு, கல்யாணம் ஆகல, அதுக்கே ஊர் பேசும். வேலைல ஆணும் பெண்ணும் சமம்னு ஜப்பான்ல சட்டம் அமலுக்கு வந்ததே 1986லதான், ஆபீஸ்ல பொண்ணுங்கன்னா டீ குடுக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும்தான்னு இருந்த காலம், அதுல வருஷக்கணக்கா பல்லக் கடிச்சுக்கிட்டு உழைச்சு ஒரு பதவிக்கு வந்தவ. நேத்து வந்தவ ஒருத்தி கொழுப்பு கம்மியான வெண்ணெய் பத்தி வேற டிபார்ட்மென்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதி ஒரே தாவுல மேல போகப் பாத்தா அவளுக்கு எப்படி இருக்கும்? ஃபுபுகி அவளை மேலிடத்துல போட்டுக் குடுத்தது தப்புதான், நான் நியாயப்படுத்தல. ஆனா ஃபுபுகியைக் கெட்டவன்னு ஒதுக்கிட்டுப் போக நாவலே விடல.

கம்பெனி வைஸ் பிரசிடென்ட் ஒமோச்சி அத்தனை பேர் முன்னாடியும் ஃபுபுகியை வாய்க்கு வந்தபடி கத்துற இடம் ஞாபகம் இருக்கா? ஒரு சொட்டு கண்ணீர் விடாம நிக்கிறா, அப்புறம் டாய்லெட்டுக்குள்ள போய் தனியா அழறா, அமேலி ஆறுதல் சொல்றேன்னு பின்னாடியே போயிடுறா. நல்ல மனசோடதான் போறா, ஆனா யாரும் பாக்கக் கூடாதுன்னு ஒளிஞ்ச இடத்துலயே போய்ப் பாத்துட்டா, அந்த அவமானத்த ஃபுபுகியால தாங்க முடியல. டாய்லெட் வேலை வர்றதே அதுக்கப்புறம்தான். இந்தக் காட்சிய விட்டுட்டு இந்த நாவலப் பத்தி எப்படி எழுத முடியுது?

இன்னொன்னு, அமேலி எழுத்தாளரா ஆனப்புறம் வாழ்த்து அனுப்புறதும் ஃபுபுகிதான், அதையும் காணோம்.

ஜப்பான் பொண்ணுங்கள எப்படி வளக்குறாங்கன்னு நாவல்ல கோபமா சில பக்கம் வருது, அதையும் ஃபுபுகியையும் சேத்து வச்சு இன்னொரு கட்டுரை போடுங்க, கண்டிப்பா போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி