எடுத்தவர் சம்மதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளியான புகைப்படங்களைக் கோப்பையிலும் டி-சர்ட்டிலும் அச்சிட்டு விற்பது பற்றிய கட்டுரையில், புகைப்படக்காரரிடம் எழுதி வாங்கிவிட்டால் சிக்கலில்லை என்றிருந்தது. அது பாதி உண்மைதான்.

2012-ல் பிரிட்டனில் ஒரு துணிக்கடை நிறுவனம் பாடகி ரிஹானாவின் படத்தை, எடுத்தவரிடம் முறைப்படி உரிமம் பெற்றே டி-சர்ட்டில் போட்டு விற்றது. பதிப்புரிமையில் பழுதில்லை. இருந்தும் ரிஹானா தொடுத்த வழக்கில் 2013-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, 2015-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இத்தனைக்கும் அந்த நாட்டில் முகத்துக்கென்று தனி உரிமை கிடையாது. ரிஹானாவே ஒப்புதல் தந்த சரக்கு என்று வாங்குவோர் ஏமாறுவார்கள் என்பதே தீர்ப்பின் அடிப்படை. தனி உரிமை உள்ள இடங்களில் பிடி இன்னும் இறுகும். கலிபோர்னியாவில் பிரபலம் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகள் அந்த உரிமையைக் கேட்கலாம். மறுபுறம், படத்தில் இருப்பவரே தலையாட்டினாலும், பதிப்புரிமை வைத்திருப்பவரைக் கேட்காமல் அச்சிட முடியாது.

பதிப்புரிமை யாருடையது என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். படத்தின் கீழே உள்ள பெயர் எடுத்தவருடையது, அவ்வளவுதான். சம்பளத்துக்கு எடுத்த படம், நாட்டையும் ஒப்பந்தத்தையும் பொறுத்து, வேலை கொடுத்த பத்திரிகையின் சொத்தாக இருக்கலாம். எழுதி வாங்கும்போது எந்தப் பொருள், எத்தனை எண்ணிக்கை, எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு, வெட்டவோ நிறம் மாற்றவோ இடமுண்டா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். 500 கோப்பைக்கு வாங்கிய அனுமதியில் தலையணை உறை போட்டால், அனுமதியே இல்லாமல் போட்டதற்குச் சமம்.

ஸ்டாக் தளத்தில், அதாவது படங்களுக்கு உரிமம் விற்கும் இணையதளத்தில், பணம் கட்டி இறக்கிய படமும் அப்படியே. சாதாரண உரிமத்தில், படத்துக்காகவே வாங்கப்படும் பொருளை விற்க இடமிருக்காது. விரிவான உரிமம் தனியாக வாங்க வேண்டும். ‘எடிட்டோரியல்’ (செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும்) என்று குறித்த படத்தைத் தொடவே கூடாது. படத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

“நான் நகலே எடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்கிய தாளையே ஒட்டி விற்கிறேன்” என்ற வாதத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. போஸ்டரின்மேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, ரசாயனத்தால் மையை அப்படியே உரித்துக் கேன்வாஸுக்கு மாற்றும் தொழில் ஒன்று உண்டு, மிஞ்சுவது வெற்றுத்தாள். பிரதிகள் கூடவில்லையே என்று 2002-ல் கனடா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதை விட்டுவிட்டது. கேன்வாஸ் புதிய பொருள், அதற்குப் புதிய அனுமதி தேவை என்று 2015-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் அச்சான படங்களைப் பீங்கான் ஓட்டில் ஒட்டி விற்ற ஒரு நிறுவனம் 1988-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, அதே நிறுவனம் 1997-ல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஆகவே இந்த வாதத்தை நம்பி வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது சூதாட்டம்.

படத்தில் 20 சதவீதம் மாற்றினால் தப்பலாம் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரமில்லை. எடுத்தவர் பெயரைப் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது.

அச்சகத்தாரும் கவனிக்க வேண்டும். நகல் எடுப்பது அவர்கள் இயந்திரம் என்பதால் வழக்கில் அவர்களையும் சேர்க்கலாம். ஆர்டர் எடுக்கும்போதே உரிமத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
புகைப்பட உரிம ஒப்பந்தங்கள் தயாரிப்போர்