தோற்றுப்போன குழாயின் படத்தையும் அனுப்புங்கள்

ஆராய்ச்சி நிலையங்களில் டிஎன்ஏ சீக்குவென்சிங், ஜீனோடைப்பிங் பிரிவுகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கடலோர ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்களிடம் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் ஒன்று, டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டும் பெட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர் இருக்கின்றன. டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்குவென்சர் கிடையாது. எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது வரப்போவதும் இல்லை. அதனால்தான் பல வருடங்களாக உங்களிடம் சாம்பிள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு ரியாக்‌ஷன் தோற்றுப்போனாலும் அதன் குரோமட்டோகிராம் கோப்பை, அதாவது இயந்திரம் வரைந்த மலை மலையான படத்தை, எங்களுக்குக் கொடுங்கள். ஏன் தோற்றது என்று உங்களுக்குத் தோன்றுவதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மடலா என்று தோன்றலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாணவி ஒருத்தி முதுகலை ஆய்வுக்குக் காரல் மீனை எடுத்துக்கொண்டாள். காரலில் எத்தனை வகை என்று ஏலம் போடும் இடத்தில் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வாயைப் பிடித்து இழுத்தால் சிலவற்றுக்கு மேல்நோக்கி நீளும், சிலவற்றுக்குக் கீழ்நோக்கி நீளும், சிலவற்றுக்கு உள்ளே கோரைப்பல் தெரியும். வளர்ந்த மீனுக்கு இது சரி. விரல் நீளத்தில் இருக்கும் குஞ்சுகளை அப்படிப் பிரிக்க முடியாது. அவள் விடியற்காலை நாலரை மணிக்கே கரைக்குப் போய்விடுவாள். துடுப்பில் அரிசி அளவு வெட்டி எத்தனாலில் போடுவாள். மூடியில் மார்க்கரால் எழுதிய எண் எத்தனால் பட்டு ஒருமுறை அழிந்துவிட்டது. அதற்கப்புறம் பென்சிலால் எண் எழுதிய காகிதத் துண்டை ஒவ்வொரு குழாய்க்கு உள்ளேயும் போட ஆரம்பித்தாள்.

2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் உயிரின வகையை அடையாளம் காட்டும் பார்கோடாக முன்வைத்தார்களே, மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்து, அந்தப் பகுதியைத்தான் பெருக்கினாள். 12 மீன், 12 குழாய். ஜெல்லில் 12 பேண்டும், அதாவது பெருகிய டிஎன்ஏவின் கோடுகளும், தெரிந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கல். படம் எடுத்து வைத்துவிட்டு ஓர் ஆய்வகத்துக்குக் கூரியர் செய்தோம்.

ரிசல்ட் வந்தது. ஆறுக்கு எழுத்து வரிசை இருந்தது. மற்ற ஆறுக்கும் எதிரே ஒரே ஒரு சொல்: தோல்வி. கோப்பு எதுவும் இல்லை. மூன்று முறை மெயில் போட்டோம். தோற்ற ரியாக்‌ஷனுக்குக் கோப்பு தரும் வழக்கம் இல்லை, திரும்பச் செய்ய வேண்டுமானால் மறுபடி பணம் கட்டுங்கள் என்று பதில் வந்தது. ஒரு ரியாக்‌ஷனுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்தச் சில நூறும் அவள் அப்பா கொடுத்தது. ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதியும் வந்துவிட்டது. ஆறு மீனோடு முடித்துக்கொடுத்தாள். "என் கைதான் சரியில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து, ஃப்ரீசரில் மிச்சம் இருந்த அதே பிசிஆர் குழாய்கள் ஆறையும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஓர் அம்மா போனில் கூப்பிட்டார். "படத்தை அனுப்பியிருக்கேன், திறந்து வைச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார். திறந்தேன். முதல் எழுத்திலிருந்தே ஒரு வரிசையின் மேல் இன்னொரு வரிசை ஏறிக் கிடந்தது. பிசிஆர் முடிந்ததும் சுத்தம் செய்யாமல் அனுப்பியிருக்கிறீர்கள், மிஞ்சிய இரண்டு பிரைமரும் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) சேர்ந்து வேலை செய்திருக்கின்றன, ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் படித்தால் இப்படித்தான் வரும் என்றார். மிஞ்சிய பிரைமரை அழிக்கும் எக்ஸோசாப் என்ற நொதிக் கலவை போட்டு 37 டிகிரியில் கால் மணி நேரம், 80 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். ஆறில் ஐந்து பளிச்சென்று வந்தன.

அரை மணி நேர வேலை! தப்பு எங்களுடையதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படம் முதல் தடவையே அவள் கைக்கு வந்திருந்தால், அந்த வாரமே சரிசெய்திருப்பாள். தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்க மாட்டாள்.

நீங்கள் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிற படம் அது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துக்கும் நான்கு நிறம்: பச்சை ஏ, நீலம் சி, கறுப்பு ஜி, சிவப்பு டி. நல்ல ரீடில், அதாவது ஒரு தடவை சரியாகப் படித்த வரிசையில், மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே நிற்கும். முதல் முப்பது நாற்பது எழுத்து கலங்கல்தான், அது யாருக்கும் வருவது. எழுபதாவது எழுத்துப் பக்கம் அகலமாக ஒரு மேடு வந்தால் அது கழுவாமல் விட்ட சாயம். நன்றாக ஓடிவந்த ரீட், ஒரே எழுத்து பத்துப் பன்னிரண்டு தடவை வருகிற இடம் தாண்டியதும் குழம்பினால், நொதி அங்கே வழுக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் தீரும். மலையே எழும்பாமல் தரையோடு தரையாக இருந்தால் பிரைமர் ஒட்டவில்லை, அல்லது டிஎன்ஏ போதவில்லை, அல்லது உப்பு மிஞ்சியிருக்கிறது. உட்கரு மரபணு ஒன்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு நிறம் ஏறக்குறைய சம உயரத்தில் நின்றால் அது பெரும்பாலும் பிழையே இல்லை. தாய் வழி ஓர் எழுத்து, தந்தை வழி வேறோர் எழுத்து. மென்பொருள் அந்த இடத்தில் ஓர் எழுத்தையோ, தெரியவில்லை என்பதற்கான 'N' என்ற குறியையோ போட்டுவிட்டுப் போய்விடும். எழுத்துக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஃபிரெடரிக் சாங்கர் 1977-இல் டிஎன்ஏவைப் படிக்கும் இந்த முறையை வெளியிட்டபோது இயந்திரம் கிடையாது. நான்கு வரிசையாக ஜெல் ஓட்டி, எக்ஸ்ரே பிலிமில் விழுந்த கறுப்புக் கோடுகளைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் படித்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த இடம் எனக்கு அப்படித் தெரியவில்லையே" என்று கேட்கலாம். 1986-இல் நான்கு சாயமும் தானியங்கி முறையும் வந்த பிறகு வேலை மிகவும் எளிதாகிவிட்டது. அந்த பிலிமின் இடத்தில் இன்று இருப்பது உங்கள் கணினியில் கிடக்கும் கோப்பு. பிலிமைக் கேட்டதுபோல அதைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு உயிரிடமும் எந்த மரபணு வடிவம் இருக்கிறது என்று பார்க்கும் ஜீனோடைப்பிங்கிலும் இதே கதைதான், அங்கே பாதிப்பு இன்னும் பெரிது. டிஎன்ஏவில் சிறு எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களான மைக்ரோசாட்டலைட்டுகளின் ரிசல்ட் எங்களுக்குத் துண்டின் நீளத்தைக் குறிக்கும் வெறும் எண்களாக வருகிறது: 182, 186, 190 என்று. அந்த எண் இயந்திரத்துக்கு இயந்திரம் ஓரிரு எழுத்து நகரும். உள்ளே நிரப்பும் பாலிமர் மாறினாலும் சாயம் மாறினாலும் நகரும். பாக் நீரிணை மீன்களை இந்த வருடம் ஓர் இயந்திரத்தில் ஓட்டி, மன்னார் வளைகுடா மீன்களை அடுத்த வருடம் வேறோர் இயந்திரத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டு கடலிலும் இருப்பது ஒரே கூட்டமாகவே இருந்தாலும் வேறு வேறு கூட்டம் என்று கணக்குச் சொல்லும். எங்களைப் போன்றவர்கள் அதை நம்பிக் கட்டுரையும் எழுதிவிடுவோம். ஆகவே இயந்திரத்தை மாற்றினால் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டிலும் பழைய சாம்பிள் இரண்டைச் சேர்த்து ஓட்டுங்கள். அதற்கான டிஎன்ஏவை நாங்களே தருகிறோம். மலைப் படத்தையும் கொடுங்கள், எண்ணை நாங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீக்குவென்சிங் தேவையில்லாதபோது தேவையில்லை என்று சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. அவர்களை நான் மறக்க மாட்டேன். இதயத் தசை நோயோடு தொடர்புடைய எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்டிருக்கும் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும் மற்றவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அது இந்தியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருப்பதாகக் காட்டியது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பிசிஆரும் ஒரு ஜெல்லும் போதும். 25 எழுத்துக் குறைந்த பேண்ட் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், பெரிய இயந்திரம் இல்லாத கல்லூரியிலும் நல்ல கேள்வி கேட்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெம்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் படிவம் வரும்போது, "இதற்கு ஜெல் போதுமே" என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் வருமானம் குறையும். எங்களுக்கு ஒரு வருடப் பட்ஜெட் மிஞ்சும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஆள் குறைவு, ரசாயனம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும், சாம்பிள் தட்டின் 96 குழியும் நிரம்பினால்தான் ஓட்டுவது கட்டுப்படியாகும். ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கோப்பு ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. அதை மெயிலில் இணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆறில் ஐந்துதான் வந்தன என்றேனே, அந்த ஆறாவது மங்கல் பேண்ட் மீனின் துடுப்பு எத்தனாலில் இன்னும் அப்படியே இருக்கிறது. குழாய்க்குள்ளே அவள் பென்சிலால் எழுதிய எண்ணும் அழியவில்லை. இந்தப் பருவத்தில் ஒரு புது மாணவன் அதிலிருந்து மறுபடி டிஎன்ஏ எடுத்து, இந்தத் தடவை சுத்தம் செய்து, உங்களில் ஒருவருக்கு அனுப்புவான். படிவத்தில் குறிப்பு என்று இருக்கும் இடத்தில் "தோற்றாலும் கோப்பை அனுப்பவும்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கடலோரக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆசிரியை