கூடிப் பேசி முடிவெடுத்தவர்களுக்கு

எங்கள் மகளின் உதட்டுப் பிளவுக்கும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் உள்ள பிளவுக்கும் சிகிச்சை பார்த்துவரும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஈறில் இருந்த பிளவில் எலும்பு வைத்து ஒட்டும் அறுவை நல்லபடியாக முடிந்து, தையல் ஆறி, அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நேரில் சொல்ல வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி, பாலூட்டக் கற்றுத்தந்த செவிலியருக்கு. அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, காற்று மூக்கு வழியாகப் போய்விடும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வேளையும் மல்லுக்கட்டிப் பாதிப் பாலிலேயே களைத்துத் தூங்கிவிடுவாள். நீங்கள்தான் அமுக்கினால் பால் வரும் பாட்டிலைக் கையில் கொடுத்து, அவளை நிமிர்த்திப் பிடிக்கவைத்து, விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து அமுக்கச் சொன்னீர்கள். எடை ஏறிய பிறகுதான் உதட்டு அறுவை பற்றிய பேச்சே வந்தது.

பிளாஸ்டிக் சர்ஜன், பல் சீரமைப்பு மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் என்று எல்லோரும் ஒரே நாளில் பார்த்துவிடுவது எவ்வளவு பெரிய வசதி என்பது, வேறிடத்தில் துறைதுறையாகத் தேதி வாங்கி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, பார்த்து முடித்த பிறகு நீங்கள் கூடிப் பேசுகிறீர்களே, அதைத்தான்.

அண்ணத்தை மூடும் நேரத்தில் அவள் காதில் நீர் கோத்திருந்தது. அண்ணப் பிளவில் காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாயைத் திறக்கும் தசை சரியாக வேலை செய்யாதாம். காது மருத்துவரும் சர்ஜனும் தனித்தனியாக முடிவெடுத்திருந்தால் குழந்தைக்கு இரண்டு முறை மயக்க மருந்து. நீங்கள் பேசி வைத்துக்கொண்டதால், ஒரே மயக்கத்தில் காதில் சிறு குழாய் பொருத்தி, அண்ணத்தையும் மூடினீர்கள்.

எலும்பு ஒட்டு விஷயத்தில் நடந்தது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. சர்ஜன் தயாராக இருந்தார். பல் சீரமைப்பு மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "கோரைப்பல்லின் வேர் இன்னும் வளரணும், மேல்தாடையையும் கொஞ்சம் விரிக்கணும்" என்றார். அந்தப் பல் இறங்குவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்தால்தான், பல் அதன் வழியாக இறங்கி நிலைக்கும். ரொம்ப முந்தினாலும் சரிவராது, பிந்தினாலும் சரிவராது. சர்ஜன் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சரி, காத்திருப்போம்" என்றார். ஒரு மருத்துவரை இன்னொரு மருத்துவர் எங்கள் கண்முன்னே மறுத்து, அதை அவரும் ஒத்துக்கொண்டது அன்றுதான் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்கள் முடிவு எதையும் நாங்கள் வெளியே போய் இன்னொருவரிடம் கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளரே, 'பாப்பா', 'காக்கா' என்று சொல்லச் சொல்லி அவள் மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடிப்பீர்கள். கண்ணாடி பனித்தால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். பனிக்காத நாளில் எங்களைவிட நீங்கள்தான் அதிகம் குதித்தீர்கள். மனநல ஆலோசகருக்கும் ஒரு தனி நன்றி: பள்ளியில் கிண்டல் இருக்கிறதா என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடமே கேட்டதற்கு.

ஒருங்கிணைப்பாளர் அம்மா, இத்தனை பேர் சொன்னதையும் ஒரே தாளில், எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தந்தது நீங்கள். அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், எப்போது, எதற்கு என்று எல்லாம் அதிலேயே இருக்கும். மருத்துவர்களுக்குக் கிடைக்கும் நன்றியில் பாதிகூட உங்களுக்குக் கிடைப்பதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம்.

இன்னும் பல்லுக்குக் கம்பி போட வேண்டும். தாடை வளர்ச்சி முடிந்த பிறகு தாடையும் மூக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம். அவள் எதற்கும் தயார்தான். பல் அச்சு எடுக்கும் அந்த மாவுக்கு மட்டும் வேறு ருசி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.