சுவர் ஏறிவிட்டது, ஆனால்...

டேய் பாஸ்கரு,

ஏழு மாதம் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தண்டையார்பேட்டையில் மாற்றம் ஒன்றும் இல்லை, உன் டீக்கடையை மட்டும் மூடிவிட்டார்கள்.

மணி அண்ணன் மகளுக்கு மூளைக்காய்ச்சல்டா, டிபியால் வந்தது. ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறார்கள், இப்போது எழுந்து உட்கார்கிறாள். அண்ணன் மாத்திரை அட்டையை நீட்டி, "இதெல்லாம் மூளைக்குள்ள போவுதாப்பா?" என்று கேட்டார். ஐசோனியாசிட் நன்றாகப் போகும், ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் போகும் என்று சொல்ல வாய் வரவில்லை. "போகுதுண்ணே" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

லேபில் என்னதான் செய்கிறாய் என்று கேட்பாயே, இதேதான். மூளையின் ரத்தக்குழாய்ச் செல்கள் இடுக்கே இல்லாமல் சுவர் மாதிரி ஒட்டியிருக்கும், மீறி நுழையும் பல மருந்துகளையும் பி-கிளைகோபுரோட்டீன் என்ற பம்பு வெளியே தள்ளிவிடும். எலியில் பார்த்தால் போதாது, அந்தப் பம்பின் அளவே எலிக்கும் நமக்கும் வேறு. அதனால் மனிதச் செல்லையே நுண்துளைச் சவ்வின் மேல் வளர்த்து, இரண்டு கால் எலக்ட்ரோடை நனைத்து மின்தடை பார்க்கிறோம். எண் ஏறினால் சுவர் இறுகுகிறது என்று அர்த்தம். எல்லா லேபிலும் வைத்திருக்கும் டி3 என்ற மனித மூளை ரத்தக்குழாய்ச் செல்லில் சில பத்து ஓம்தான் வரும், உயிருள்ள மூளையிலோ ஆயிரத்துக்கு மேல். 2012இல் லிப்மன், ஷுஸ்டா என்ற ஆராய்ச்சியாளர்கள் ஸ்டெம்செல்லிலிருந்து இந்தச் செல்லை உண்டாக்கும் வழியைக் காட்டினார்கள், அதை வைத்து நாங்கள் இரண்டு வருடம் மல்லுக்கட்டினோம்.

போன வெள்ளிக்கிழமை 2,100 ஓம்! லேபே கத்தியது.

அப்புறம்தான் எனக்கு உதைத்தது. அந்த வழியில் வருவது ரத்தக்குழாய்ச் செல்லே இல்லை, எபிதீலியச் செல் என்று 2021இல் ஒரு கட்டுரை வந்தது. சந்தேகத்தில் எப்கேம் என்ற புரதத்துக்குச் சாயம் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். தட்டு முழுக்க, செல்லுக்குச் செல் ஓரம் பச்சையாக எரிகிறது. குடல், சிறுநீரகம் மாதிரி உறுப்புகளின் உள்பூச்சில், அதாவது எபிதீலியத்தில், இருக்கவேண்டிய அடையாளம்டா அது, மூளை ரத்தக்குழாயில் இருக்கக்கூடாது. சுவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வீட்டுச் சுவர். இதில் ரிஃபாம்பிசினை விட்டு வரும் எண்ணை நம்பி எந்த டாக்டரிடம் போய்ப் பேச முடியும்?

எண்ணை மட்டும் வெளியிட்டுவிடலாம் என்கிறார்கள் இங்கே சிலர். எப்கேம் படமும் சேர்ந்து போகாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி ரத்தக்குழாய்த் தன்மையைத் தரும் ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும், இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

சரி, மணி அண்ணனுக்கு இந்த வாரமே போன் போடு. உன்னைத்தான் தேடுகிறார்.

சேகர்