ரோஜாப் பண்ணை முதலாளிகளுக்கு ஒரு மடல்

பெங்களூரைச் சுற்றி பாலிஹவுஸ் என்னும் பிளாஸ்டிக் கூரைப் பண்ணைக் கூடாரம் வைத்திருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

தர்மபுரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். தொட்டபள்ளாபூர் பக்கம் ஒரு பண்ணையில் ஆறு வருடம் ரோஜா வெட்டினேன். காலையில் பூச்சிமருந்து அடிப்பார்கள், மதியம் நாங்கள் உள்ளே போவோம். இலை காய்ந்திருக்கும், வாடை போயிருக்காது. பிளாஸ்டிக் கூரைக்குள் காற்று அசையாது. முள் குத்தாமலிருக்கக் கொடுத்த துணிக் கையுறை வியர்வையில் ஊறி, மருந்தோடு தோலில் ஒட்டிக்கிடக்கும். அதே கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வோம்.

அந்த ஆறு வருடத்தில் எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மருந்தால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என்ன மருந்து என்று சொல்ல எனக்குத் தெரியாது.

நர்சிங் படிக்கும் நாத்தனார் மகள்தான் அப்புறம் படித்துச் சொன்னாள். கொலம்பியாவில் பொகோட்டா பக்கத்துப் பூப்பண்ணைகளில் 8,800-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விசாரித்து, 1990-ல் ஓர் ஆய்வு வெளியானது. பூ வேலைக்கு வந்த பிறகு உண்டான கர்ப்பங்களில் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடியிருந்தன. குழந்தையின் உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாகத் தொடங்குகின்றனவாம். நாள் தள்ளிப்போனதையே கவனிக்காமல் நாங்கள் பூ வெட்டிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற வகைப் பூச்சிமருந்துகளோடு வேலை செய்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் (அந்த மருந்துகள் உடம்பில் ஏறினால் இது குறையும்) அளவைப் பார்க்கச் சொல்கின்றன 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள். அது மருந்து அடிக்கும் ஆளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் அடித்துவிட்டுப் போய்விடுகிறார், நாள் முழுக்க அந்த இலைக்குள் நிற்பது நாங்கள். வேலைக்குச் சேரும் அன்றே ஒரு முறை ரத்தம் எடுத்தால்தான் பிறகு குறைந்ததா என்று தெரியும்.

சரி, அந்தப் பரிசோதனையில் கார்பெண்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் தெரியாது. கருவைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் மருந்து அது. 2020-ல் நம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளிலும் இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு பாலிஹவுஸ் வாசலிலும் ஒரு பலகை கேட்கிறேன்: என்ன மருந்து, எத்தனை மணிக்கு அடித்தது, எப்போது உள்ளே போகலாம். கன்னடத்திலும் தமிழிலும் எழுதுங்கள். கர்ப்பம் என்று சொல்லும் பெண்ணுக்குக் கூலி குறைக்காமல் மருந்து படாத வேலை கொடுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் நாங்கள் சொல்லாமல் மறைத்தோம்.

பிப்ரவரி வெட்டுக்கு எங்கள் ஊர்ப்பக்கமிருந்து புதுப் பெண்கள் வருவார்கள். அதற்குள் பலகையை மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பூவை வெட்டியவள்